ஏழாம் நம்பர் ஷூ

பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். 5.05க்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. பதினான்கு குடம் பிடித்தேன். 5.30க்குப் பால் வாங்கினேன். 5.40க்குச் சவரம். வழக்கமாக 6.10க்குச் செஞ்சி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அறையின் ஜன்னலை நான் திறந்துவிடுவேன். முதல் திருவண்ணாமலை வண்டியின் கண்டக்டர் அதற்குள் வந்து நின்றுகொண்டிருப்பார். அன்று திறக்கவில்லை. முந்தின வாரமே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன்.

டைரியில் அன்றைய பக்கத்தில் இதுவரைதான் கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது. மீதியெல்லாம் கோட்டைப் படிகளில் நின்றுகொண்டு எழுதியது.

இந்தத் தொடரில் என் மகள் அரசியைப் பற்றி நான் அதிகம் எழுதியதில்லை. எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தாள். இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். "நடந்தத மட்டும் எழுது நைனா, அளந்து வுடாத" என்பது நிபந்தனை.

6.25க்கு வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது. என் மனைவி கௌரி சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்திலும் அடுப்படியில் இருந்து வெளியே வந்து நின்றாள்.

"இன்னும் ஒம்போது நாள் இருக்குது. இப்பப் போயி கல்லு மேல ஓட வுடறீங்களே, எதுனா ஆச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாது."

"டைரில எழுதி வெச்சிருக்குதா, ஒண்ணும் ஆவாதுன்னு?"

அந்த ஒன்பது நாள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அரசிக்கு இருபத்து நான்கு வயது. காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை தேறியிருந்தாள். உடல்திறன் தேர்வு இருபத்தேழாம் தேதி, விழுப்புரம் மைதானத்தில். ஓட்டம், தாண்டுதல், பந்து எறிதல். எல்லாவற்றுக்கும் கால் வேண்டும். அந்தக் காலைத்தான் நான் வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

சுவரோரம் ஓடியவள்

செஞ்சியில் விடியற்காலையில் பள்ளி மைதானத்துக்குப் போனால் பத்துப் பதினைந்து பெண்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் ஏதாவது ஒரு தேர்வுக்குத் தயாராகிறவர்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாதிப் பேர் வெறுங்காலில் ஓடுவார்கள். அரசியும் வெறுங்கால்தான். மைதானத்தில் பதினைந்து சுற்று முடித்துவிட்டு, கோட்டைச் சுவரை ஒட்டிய சாலையில் தனியாக ஓடிவிட்டு வருவாள்.

அந்தச் சாலையில்தான் அவளைப் பார்த்திருக்கிறார்கள். விளையாட்டு ஷூ விளம்பரம் எடுக்க இடம் தேடி வந்த சென்னைக்காரர்கள். பழைய கோட்டையில் புது ஷூ என்பது அவர்கள் யோசனை. விளம்பரத்தில் நடிப்பவர் பெயர் பெற்ற ஒரு பெண். ஆனால் படிக்கட்டில் ஓடுவதற்கு வேறு கால்கள் தேவைப்பட்டன.

படப்பிடிப்பு மேனேஜர் பிரவீன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையான பையன்.

"முகம் வராது அங்கிள். முட்டிக்குக் கீழ மட்டும்தான். ஒரே காலை வேளைல முடிச்சு அனுப்பிடுவோம்."

கௌரி தேநீர் டம்ளரை நங்கென்று வைத்தாள். "இருவத்தி நாலு வருசமா சோறு போட்டு வளத்தது முட்டிக்குக் கீழ மட்டும்தானா தம்பி?"

அரசி சிரித்துவிட்டாள். "போறேம்மா. ஓடறதுதானே. தெனம் ஓடறேன்."

அவள் போகிறேன் என்றதும் எனக்குள் ஏற்பட்ட மகிழ்ச்சியை அன்று யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

டைரியில் இருந்த எண்

இரண்டு நாள் கழித்துப் பிரவீன் தொலைபேசியில் கேட்டார். "அரசி ஷூ சைஸ் என்ன அங்கிள்? இன்னிக்குள்ள சொன்னாத்தான் கம்பெனில இருந்து அனுப்புவாங்க."

அரசி வீட்டில் இல்லை. அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்று அலமாரியைத் திறந்தேன். அவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டின் டைரியை எடுத்தேன். ஜூன் மாதத்தில் இருந்தது: 'அரசிக்கு விளையாட்டு ஷூ. வெள்ளை. 7.'

"ஏழு" என்றேன். "பொண்ணுங்களுக்கு அதுக்கப்புறம் கால் வளராது."

"சூப்பர் அங்கிள். இவ்ளோ கரெக்டா சொல்ற அப்பாவ நான் பாத்ததே இல்ல."

அந்தப் பாராட்டு இரண்டு நாள் வரை இனித்தது.

ஷூ வாங்குவதில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பிள்ளையின் காலுக்குச் சரியாக இருப்பதை வாங்க மாட்டோம். வளர்கிற கால் என்று பெரிதாகவே வாங்குவோம். ஓராண்டு போட ஒரு சைஸ் கூடுதல், ஈராண்டு போட இரண்டு சைஸ் கூடுதல். கடைக்காரரே கட்டைவிரலால் முனையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காலி இருக்குது, ரெண்டு வருசம் ஓடும்" என்பார். முனையில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியது. கால் வளர வளரப் பஞ்சு குறையும்.

பதினொன்று, பன்னிரண்டு என்ற இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து வாங்கிய ஷூவின் எண் அது. அன்று அவள் கால் ஐந்து. அதன் பிறகு வளரவில்லை. டைரியில் ஷூவின் அளவு இருந்தது. காலின் அளவு இல்லை.

கக்கத்தில் இருந்த செருப்பு

நான் ஏன் அப்படிப் பறந்தேன் என்று இப்போது யோசித்தால் ஒரு காட்சி தெரிகிறது.

செஞ்சியை அடுத்த வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் நைனா கூலி வேலை செய்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்க, நாற்று முடி சுமக்க. டயரில் வெட்டித் தைத்த செருப்பு ஒரு ஜோடி அவருக்கு இருந்தது. கொல்லை வேலைக்கு, அதாவது வயலுக்குப் போகும் வழியில் பெரிய தெரு வரும். தெருமுனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். மறுமுனை வந்ததும் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. எனக்கு ஏழெட்டு வயது. என் காலில் செருப்பே கிடையாது, ஆனாலும் அந்த முனை வந்ததும் நானும் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வேன். பெரியவர்கள் அப்படித்தான் நடக்க வேண்டும்போல என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்தத் தெருவில் நகரப் பேருந்து நிற்கிறது. எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று நான் எழுதி அனுப்புகிறேன். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஷூ கம்பெனிக்காரர்கள் என் மகளின் காலைத் தேடி வீட்டுக்கு வந்தபோது, தேர்வு நெருங்கிவிட்டது என்பது என் காதில் ஏறவில்லை. டி.வி.யில் அந்தக் கால்கள் ஓடும், யாருடையவை என்று எனக்குத் தெரியும். அது போதும் என்று இருந்தது.

அம்மன் எதிரில்

7.10க்குக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் இறங்கினோம். அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும் உள்ளே விட்டார்கள். கேமராக்கள், குடைகள், ஒரு டிராக்டர் தண்ணீர் டேங்கர்.

கோட்டை வாசலில் கொய்யா விற்கும் ஏழுமலையை ஒரு கழியோடு நிற்க வைத்திருந்தார்கள். குரங்கு ஓட்டும் வேலை.

"இன்னா டைம் கீப்பர் சார், இன்னைக்குப் பஸ்ஸெல்லாம் அதுங்க இஷ்டத்துக்குப் போவுதா?"

"நீ குரங்கப் பாரு."

"அதான் சொல்லி நிக்க வெச்சிக்கிறாங்க. இந்த சைஸ்ல ஒரே ஒரு ஜோடிதான் இருக்குதாம். தூக்கினு போயிட்டா வேலை காலியாம். நம்ம ஊரு கொரங்கு இன்னா சைஸ் பாத்தா எடுக்குது?"

சிரித்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வழியில் ஒரு சின்ன அம்மன் சன்னிதி. அதைத் தாண்டி ஓடுவதுதான் முதல் காட்சி என்று டைரக்டர் சொன்னார். தொப்பி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அரசி ஷூ அணிந்து வந்தாள். சன்னிதிக்குப் பத்தடி முன்பாக நின்றாள். குனிந்து இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இங்க போட்டுக்குனு ஓட மாட்டேங்க."

பிரவீன் ஓடி வந்தார். "அரசி, கோயிலுக்குள்ள இல்லியே, ரோட்லதானே…"

"ரோடுன்னாலும் எதிர்ல இருக்குது. நான் ஓட மாட்டேன். வேற எடம் சொல்லுங்க, ஓடறேன்."

குரலை உயர்த்தவில்லை. யாரும் அவளைக் கழற்றச் சொல்லவும் இல்லை. என் நைனா கழற்றியதும் இதுவும் ஒன்றல்ல என்று அங்கே நின்று நினைத்துக்கொண்டேன். டைரக்டர் அவளைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "ஓகே. மேல போயிடலாம்" என்றார்.

மேலே படிகள் செங்குத்து. ஒவ்வொன்றும் ஒரு உயரம். பல நூறு ஆண்டு தேய்மானத்தில் நடுப்பகுதி வழவழவென்று பள்ளமாகியிருக்கும். அங்கே ஓஸ் பைப்பை இழுத்துப் போய்த் தண்ணீர் அடித்தார்கள். மழை விட்ட மாதிரி கல் மின்ன வேண்டுமாம். காலடியில் தண்ணீர் தெறிக்க வேண்டுமாம்.

பஞ்சு

8.20. பாறைக்குப் பின்னால் அரசி உட்கார்ந்திருந்தாள். உடை கவனிக்கும் பெண்ணிடம் பஞ்சு வாங்கி ஷூவின் முனையில் திணித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு வைப்பது, எப்படி அமுக்குவது என்று யோசிக்கவே இல்லை. அவ்வளவு பழக்கம் அந்த விரல்களுக்கு.

"இன்னாது இது?"

"கொஞ்சம் லூசா இருக்குது. பரவால்ல."

"ஏழுதானே?"

"ஏழுதான் நைனா. என் காலு அஞ்சு."

"எப்பலேர்ந்து?"

"எப்பவும்." லேஸை இழுத்துக் கட்டினாள். "அதான் ஸ்கூல்ல போட்டுக்குனு ஓட மாட்டேன். கழண்டு வந்துரும்."

பள்ளி விளையாட்டு விழா நாட்களில் அவள் வெறுங்காலில் ஓடியதை நான் கைதட்டிப் பார்த்திருக்கிறேன். ஷூ அழுக்காகாமல் பார்த்துக்கொள்கிறாள், பொறுப்பான பெண் என்று டைரியில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

"அவங்கள்ட்ட சொல்லிடலாமா?"

"இந்த ஒரு ஜோடிதான் வந்துகீது. நீதான் சைஸ் சொன்னியாம். நாப்பது பேரு நிக்கறாங்க." எழுந்து நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். "வுடு."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான்தான் தப்பாகச் சொன்னேன், ஈரப்படியில் இந்த ஷூவோடு அவள் ஓடக் கூடாது, ஒன்பது நாளில் தேர்வு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர்கள் கேட்டிருப்பார்கள். அம்மன் விஷயத்தில் கேட்டவர்கள்தானே. நான் சொல்லவில்லை. கூச்சம் பாதி. மீதிப் பாதி, அந்தப் படம் வர வேண்டும் என்ற ஆசை. என் சட்டைப்பையில் இருந்த சின்ன டைரியில் '8.31, முதல் ஓட்டம்' என்று எழுதினேன்.

ஒன் மோர்

முதல் மூன்று முறை ஏற்றம். ஏறும்போது ஆபத்தில்லை. முன்னங்காலில் எடை விழும், குதிகால் கழன்றாலும் அவள் சமாளித்தாள். ஒவ்வொரு முறையும் குதிகாலுக்கும் ஷூவுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி திறந்து மூடுவது எனக்குக் கீழேயிருந்து தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

நான்காவதில் இருந்து இறக்கம்.

"செம! ஒன் மோர்" என்றார் டைரக்டர். 9.02.

"தண்ணி இன்னும் அடிங்க. ஒன் மோர்." 9.11.

நான் படியின் ஓரமாக ஒவ்வொரு கல்லாக மேலே நகர்ந்தேன். பிரவீன் கையைக் காட்டினார். "அங்கிள், ஃப்ரேம்ல வரீங்க." மூன்று படி இறங்கினேன். அவர் திரும்பியதும் இரண்டு படி ஏறினேன். உள்ளங்கை வேர்த்து டைரியில் மை கலைந்தது. அரசி விழுந்தால் பிடிக்க நான் இருந்த இடத்தில் இருந்து பதினாறு படி. பதினாறு படியை என் வயதில் எத்தனை நொடியில் ஏற முடியும் என்று கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் உதவாத கணக்கு.

அவள் மேலேயிருந்து ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். போதும் என்ற அர்த்தத்தில்தான் அசைத்தேன். அவள் 'சரி, ஓடு' என்று எடுத்துக்கொண்டாள். அதை மாலையில்தான் சொன்னாள்.

9.19. இறங்கினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் தெறித்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடைசிக்கு முந்தின வளைவில் இடது கால் பள்ளமான கல்லில் விழுந்தது. ஷூ நின்ற இடத்தில் நின்றது. கால் உள்ளே திரும்பியது.

அவள் உருளவில்லை. பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்றுகூடக் கத்தவில்லை.

எத்தனை நொடியில் அந்தப் படிகளை ஏறினேன் என்பது டைரியில் இல்லை. நான் போகும்போது ஷூவைக் கழற்றிவிட்டிருந்தாள். இடது கணுக்கால் பக்கவாட்டில் ஏற்கெனவே உப்பியிருந்தது.

"ஒண்ணும் இல்ல நைனா" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டைரக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்தார். ஐஸ் வந்தது. நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏழுமலை கழியைப் போட்டுவிட்டு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டான். "பாத்து, பாத்து, நம்ம ஊரு போலீசு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் அரசி அழுதாள்.

ஊன்றிப் பார்ப்பது

10.40க்கு எக்ஸ்ரே. டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்புல ஒண்ணும் இல்ல. தசைநார்தான் இழுத்திருக்கு. எவ்வளவுன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. கட்டுப் போட்டுடறேன். இன்னைக்குக் காலைக் கீழ வைக்கக் கூடாது. நாளைக்குக் காலைல எழுந்து ஊன்றிப் பாருங்க. எடையைத் தாங்கினா நாலஞ்சு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவா ஓடலாம். தாங்கலைன்னா மூணு வாரம்."

மூன்று வாரம் என்றால் இருபத்தேழாம் தேதி கிடையாது.

கௌரி மதியம் பள்ளியில் இருந்து நேராக ஓடி வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கட்டைப் பார்த்தாள். தலையணையை மடித்து அதன் மேல் காலைத் தூக்கி வைத்தாள். மாலைக் காபி எனக்கு வந்தது, ஆனால் கையில் தராமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

அரசியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான்தான் சைஸ தப்பாச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் நிறுத்தல."

"நானும்தான் நிறுத்தல." விட்டத்தைப் பார்த்தாள். "நீ அவ்ளோ சந்தோசமா இருந்த. கெடுக்க வேணாம்னு வுட்டுட்டேன்."

அன்றைய பக்கத்தில் அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.

புதன்கிழமை

பிப்ரவரி 19. எழுந்தேன் என்று எழுத முடியாது, தூங்கவில்லை. தண்ணீர் வந்த சத்தம் கேட்டது. யாரும் குடத்தை எடுக்கவில்லை. 5.50க்கு அரசி கண் விழித்தாள். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். இறக்கவில்லை. மூன்று பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது என் செல்போன் அடித்தது. பிரவீன்.

"அங்கிள், குட் மார்னிங். அரசி எப்படி இருக்கு? நைட்டெல்லாம் டைரக்டர் அதையே கேட்டாரு. அங்கிள், ஒண்ணே ஒண்ணு. நிக்கற ஷாட் ஒண்ணு மிச்சம். லேஸ் கட்றா மாதிரி. ஓட வேணாம், நடக்க வேணாம், கட்டு இல்லாத காலு மட்டும்தான். சேர்லயே தூக்கிட்டுப் போறோம். அஞ்சாம் நம்பர் ஷூ ராத்திரியே சென்னைல இருந்து வந்துடுச்சு."

நின்றால் போதும், சரியான ஷூ வந்துவிட்டது, அரை மணி நேரம். என் வாயில் "வண்டி எத்தனை மணிக்கு" என்பதன் முதல் எழுத்து வந்துவிட்டது. கௌரி பார்த்த பார்வையில் அது நின்றது.

அரசி கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"அண்ணா, அரசி பேசறேன். நான் வரல."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்.

"புரியுதுண்ணா. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. நிக்கற ஷாட்டும் வேணாம். இருவத்தேழாம் தேதி வரைக்கும் என் காலு எனக்கு மட்டும்தான் வோணும்." கொஞ்சம் கேட்டாள். "இல்லண்ணா. எங்க நைனா கேட்டாலும் இதான்."

போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள், எனக்குத் திருப்பித் தரவில்லை. பிறகு இரண்டு கால்களையும் கட்டிலில் இருந்து தொங்கப் போட்டாள்.

"தோளக் குடு நைனா."

குனிந்து கொடுத்தேன். இடது கையை அழுத்தி எழுந்தாள். அவள் எடை முழுவதும் என் தோளில் இறங்கியது. வலது காலை வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு இடது காலை வைத்தாள். விரல்கள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தன.

எங்கள் வீட்டில் அந்தக் கட்டிலுக்கும் தோட்டத்துக் கதவுக்கும் நடுவில் பதினோரு அடி தூரம். கௌரி முன்னால் போய்க் கதவைத் திறந்து வைத்தாள். முதல் நான்கு அடி வரை என் தோள் வலித்தது. ஐந்தாவது அடியில் நின்றாள். ஏழாவது அடியில் பாரம் குறைந்தது. எட்டு, ஒன்பது. கதவருகே போனபோது அவள் கை என் தோளில்தான் இருந்தது, ஆனால் வெறும் கையாக.